கரி சுமப்பவனின் முகம்

1956 ஜூன் 4, திங்கள்

என் போலீஸ்காரனுக்கு நெற்றியே இல்லை என்று அய்யாத்துரை சொல்லிவிட்டார். நான் வரைந்த காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்னம்மா, இவனுக்குத் தொப்பியக் கண்ணு மேலயே வச்சிட்டியளே" என்றார். கண் எப்போதும் தலையின் பாதியில்தான் இருக்குமாம். உச்சியிலிருந்து தாடை வரை அளந்தால் சரிபாதி. இத்தனை வருஷமாக மனிதர்களைப் பார்க்கிறேன், எல்லோருக்கும் கண் மேலேதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பேத்தி நீலாவை நிற்கவைத்து விரலால் அளந்தேன். பாதியில்தான் இருக்கிறது. அந்த மனிதர் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு ஒரே எரிச்சல்.

கல்மண்டபத்தில் பழைய அரிசிக் கிடங்கை வாடகைக்கு எடுத்துப் பொம்மைப் படம் எடுக்கிறார்கள். ஒரு சோப்புக் கம்பெனிக்கு விளம்பரம். சினிமா கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னே போடுவார்களே, அது. பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை தானாக நடக்குமாம். அய்யாத்துரை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முன்பு சினிமா பேனர் வரைந்தவர். கேமரா ஜஹாங்கீர். நான் பொம்மைகளுக்குச் சட்டை தைக்கப் போனவள். வலை பின்னின கை, தையல் சின்னதாக விழும். சட்டை மாட்டும்போது, எல்லாப் பொம்மைக்கும் ஒரே மூஞ்சியாக இருக்கிறதே என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். அப்போ நீங்களே வரையுங்க என்று பென்சிலைக் கையில் கொடுத்துவிட்டார்.

போலீஸ்காரன் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. யுத்த காலத்தில் துறைமுக வாசலில் என் மீன்கூடையை பூட்ஸ் காலால் தள்ளியவன். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. நெற்றி தப்பாக இருக்கலாம். தழும்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது.

ஜூன் 9

போலீஸ்காரன் தலை காய்ந்ததும் பிளந்துவிட்டது. காகிதக் கூழில் புளியங்கொட்டைப் பசை அதிகமாம். நடு நெற்றியில் பிளவு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 15

போன வாரத்திலிருந்து என்னையும் பொம்மையை நகர்த்த விடுகிறார்கள். செப்புக் கம்பியை முறுக்கித்தான் எலும்பு. அதன் மேல் பஞ்சைச் சுற்றித் துணியால் கட்டினால் உடம்பு. உள்ளங்காலில் ஊசி. வைக்கிற காலைப் பலகையில் குத்தி நிறுத்திவிட்டு மற்றக் காலை எடுக்க வேண்டும். ஒரு அரிசி அகலம் நகர்த்து, கையை எடு, ஜஹாங்கீர் ஒரு படம் பிடிப்பார். மறுபடி ஒரு அரிசி அகலம். இன்று காலையெல்லாம் உட்கார்ந்து, நான் செய்த மளிகைக்கடைக்காரப் பொம்மை கடையைவிட்டு இறங்கி வாசலுக்கு வந்தான். அவ்வளவுதான்.

போன வாரம் எடுத்ததைச் சுவரில் ஓட்டிக் காட்டினார்கள். என் கடைக்காரன் நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறான். ஜஹாங்கீர் சிரித்து இருமி, "ஆயா, காலு மட்டும் நடந்தா போதாது. காலு தூக்கறதுக்கு மின்னாடி இடுப்பு அந்தப் பக்கம் சாயணும். நீ எந்திரிச்சி நடந்து பாரு" என்றார். எழுந்து நடந்து பார்த்தேன். சாய்கிறது. இத்தனை வருஷம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த ரோட்டில் நடந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

வருகிற வழியெல்லாம் எதிரே வருகிறவர்கள் இடுப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருத்தன் முறைத்துவிட்டுப் போனான்.

ஜூன் 20

பவுனம்மாள் வந்தாள். என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். அவர் செத்து எட்டு வருஷம் ஆகிறது, இவள் வரத்து மட்டும் குறையவில்லை. என் கல்யாணத்தன்று பந்தியில் எல்லோர் முன்னாலும், பெண் கொஞ்சம் கறுப்புதான் ஆனால் வலை பின்னுவாள் என்று சொன்னவள். மஞ்சள் சேலை, பச்சைக் கரை கட்டியிருந்தாள். எனக்கு மறக்காது.

நீலாவைத் தன் பேரன் லோகநாதனுக்குக் கேட்கிறாள். ஆவணியில் முடிக்கலாம் என்கிறாள். பையன் நல்லவன், துறைமுகத்தில் வேலை. கதவுக்குப் பின்னால் நீலா நிற்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. நான் சரி என்று வாயைத் திறப்பதற்குள் பவுனம்மாள் அடுத்ததைச் சொன்னாள். "கல்யாணத்துக்கு மின்னாடி தண்டபாணி காரியத்த முடிச்சிடணும். பொண்ணப் பெத்தவ மணையில ஒக்காரணுமா, ஒதுங்கி நிக்கணுமா? ஊருக்கு இன்னா சொல்றது?"

தண்டபாணி என் பிள்ளை. ஒரே பிள்ளை. நாற்பத்தொன்றில் ரங்கூன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். நீலா அப்போது வயிற்றில். அங்கே குண்டு விழுந்தது, ஜனங்கள் நடந்தே வந்தார்கள், அவன் வரவில்லை. செத்தான் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை.

எங்கள் ஜனத்தில் உடல் கிடைக்காதவனுக்கு வைக்கோலில் உருவம் கட்டி, வேட்டி சுற்றி, கடற்கரையில் வைத்துக் கொளுத்துவார்கள். அன்றுதான் அவன் பெண்சாதி தாலியை இறக்குவாள். உருவத்தைப் பெற்றவள்தான் கட்ட வேண்டும். பெற்றவள் கட்டிவிட்டால் அவளே ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம், அதற்குப் பிறகு ஊரில் பேச்சே கிடையாது. ஊர் என்னிடம் இரண்டு முறை கேட்டது. என் கை கட்டாது என்று இரண்டு முறையும் சொன்னேன். எனக்கும் என் மருமகள் முத்தம்மாவுக்கும் உப்பு போடுவதில்கூட ஒத்துப்போகாது. இந்த ஒன்றில்தான் நாங்கள் ஒன்று.

முத்தம்மா மீன் மார்க்கெட்டிலிருந்து வந்து கூடையை இறக்காமலே கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "அவரு வந்து என்ன வுட்டுட்டேன்னு சொல்லட்டும், கழட்டறேன்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

பவுனம்மாள் என்னைப் பார்த்தாள். நான் வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தேன்.

ஜூன் 21

நீலா சாப்பிடவில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள். லோகநாதனைப் பிடித்திருக்கிறது போலிருக்கிறது. நான் என்ன செய்ய?

ஜூன் 27

சோப்புப் படத்தில் முக்கியமான ஆள் இன்னும் செய்யவில்லை. துறைமுகத்தில் கரி மூட்டை சுமக்கிறவன். உடம்பெல்லாம் கரியோடு வீட்டுக்கு வருவான், தெருவில் கடைக்காரன் ஒதுங்குவான், போலீஸ்காரன் விரட்டுவான், வீட்டில் சோப்புப் போட்டுக் குளித்ததும் முகம் பளிச்சென்று தெரியும். அந்த முகத்தில்தான் படமே இருக்கிறது. அய்யாத்துரை மூன்று முகம் வரைந்து மூன்றையும் கிழித்துவிட்டார். தனக்கு வந்தால் சினிமா கதாநாயகன் மூஞ்சியாகவே வருகிறதாம், பேனர் வரைந்த கை. என் கடைக்காரனையும் போலீஸ்காரனையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இதெல்லாம் ஆளு நல்லா வந்திருக்கு. ஆனா பூரா பேரும் கெட்டவனா இருக்கானுவ. நம்ம வீட்டுப் பிள்ளைன்னு பாக்கவனுக்குத் தோணுத மாதிரி ஒருத்தன் உங்க கையில வருவானா?"

வருவான் என்று சொல்லிவிட்டேன்.

தண்டபாணிக்குப் போட்டோ கிடையாது. ரங்கூன் போகும் முன் ஒன்று எடுக்கச் சொன்னேன், வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றான். நீலா அப்பன் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு ஒரு முறையாவது காட்டலாம். யாரிடமும் சொல்லப்போவதில்லை. கரிக்காரன் என்றே இருக்கட்டும்.

ஜூன் 30

வரவில்லை.

ஜூலை 2

முட்டை மாதிரி கோடு போட்டு, பாதியில் குறுக்குக் கோடு போட்டு, கண்ணுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் கோடு தடுமாறவில்லை. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றும் ஒரே உயரத்தில் வரைகிறேன், அய்யாத்துரைகூட அளந்து பார்ப்பதை விட்டுவிட்டார். கை பழகிவிட்டது. உள்ளே போட முகம்தான் இல்லை.

பவுனம்மாள் புடவைக் கரை தெரிகிறது. போலீஸ்காரன் தழும்பு தெரிகிறது. தெருக் குழாயடியில் என் குடத்தை நகர்த்தி வைத்த தங்கபுஷ்பம் பல் வரிசை தெரிகிறது, மேலே ஒன்று சொத்தை. என் பிள்ளை முகம் தெரியவில்லை. அவன் முதுகு தெரிகிறது. மணலில் உட்கார்ந்து வலை பிரிக்கிற முதுகு. கூப்பிட்டால் திரும்புவான், திரும்பும்போது முகம் இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை.

இது எந்த ஊர் நியாயம்? பிடிக்காதவன் மூஞ்சியெல்லாம் நெஞ்சில உக்காந்துகினு கீது, பெத்த புள்ள மூஞ்சி மட்டும் எங்க போச்சு? நான்தான வச்சிக்கினு இருந்திருக்கணும். வேற யாரு வச்சிப்பா?

ஜூலை 6

நீலா தலை வாரும்போது எதிரே உட்கார்ந்து அவள் மூக்கை வரைந்தேன். இன்னா ஆயா முறைக்கற என்றாள். அவள் மூக்கு முத்தம்மா மூக்கு இல்லை, எங்கள் பக்கத்து மூக்கும் இல்லை. அப்படியானால் அவனுடையது. கண்ணாடியில் என் தாடையைப் பார்த்து அதை வரைந்தேன். காது என் வீட்டுக்காரர் காது, அது எனக்கு நன்றாகத் தெரியும், முப்பது வருஷம் அந்தக் காதில் கத்தியிருக்கிறேன்.

எல்லாம் சேர்த்தால் ஒரு ஆள் வருகிறான். யாரோ.

ஜூலை 12

வாய் கிடைத்துவிட்டது.

கரிக்காரன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள், நூலைப் பல்லால் கடித்தேன். கடிக்கிற போது உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. உடனே அவன். வலை நூலை அப்படித்தான் கடிப்பான், வலது பக்கப் பல்லால், கீழுதடு இழுத்துக்கொண்டு, சிரிக்கிறானா வலிக்கிறதா என்று தெரியாத மாதிரி. பொத்தானை அப்படியே போட்டுவிட்டுக் கூழில் உதட்டைப் பிடித்தேன். உதடு வந்ததும் கன்னம் எங்கே போக வேண்டும் என்று தெரிந்தது. கன்னம் வந்ததும் கண் தானாக இறங்கி உட்கார்ந்தது. பாதியில்.

அய்யாத்துரை வந்து நின்றார். மற்றப் பொம்மைகளை எடுத்துத் தள்ளி வைத்து மேஜையில் இடம் செய்து கொடுத்தார்.

வந்துட்டான். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஜூலை 18

கெட்டுப்போச்சு.

எங்கே இருந்து எழுதுவது? உடம்புக்குப் பஞ்சு சுற்றினால் மூட்டை சுமக்கும்போது முதுகில் உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. படத்தில் கூனன் மாதிரி தெரிகிறது. கிடங்கில் விளக்குக் கண்ணாடி வந்த பெட்டியில் வைக்கோல் கிடந்தது. அதை நனைத்துப் பிரித்துச் சன்னமாகச் சுற்றினேன். உடம்பு விறைப்பாக, நல்ல உழைக்கிற உடம்பாக நின்றது. அய்யாத்துரைக்கு ரொம்பச் சந்தோஷம். வேட்டியை உடம்போடு சேர்த்துத் தைக்க வேண்டும், வெளிச்சம் போய்விட்டது, கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

இன்று காலை வாசலில் உட்கார்ந்து வேட்டியைச் சுற்றித் தைக்கிறேன். பவுனம்மாள் வந்து நின்றது தெரியவில்லை. அவள் மூச்சு மாறினதும்தான் நிமிர்ந்தேன். பொம்மையைப் பார்த்தாள். மாரில் கை வைத்துக்கொண்டாள். "தண்டபாணி" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, தம்பி செத்தபோதுகூட வாய்தான் அழுதது.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். இடுப்பில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. வேட்டி சுற்றிப் பாதி தைத்திருக்கிறேன். பெற்றவள் கை.

எனக்குத் தோணவே இல்ல. சத்தியமா தோணல. கம்பெனி பொம்மை, கம்பெனி வைக்கோல், படத்துக்கு வேட்டி. ஒரு நிமிஷம்கூட தோணலயே.

"இப்பவாச்சும் ஒனக்கு மனசு வந்துச்சே" என்று சொல்லி என் கையைப் பிடித்தாள். இல்லை என்று சொல்வதற்குள் தெருவுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 19

முத்தம்மாவுக்கு மார்க்கெட்டிலேயே தெரிந்துவிட்டது. மீனை விற்காமல் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். நான் விஷயத்தை விளக்கினேன். சோப்பு, கேமரா, பஞ்சு திரண்டது எல்லாம். அவள் கேட்கவில்லை, பொம்மை இருக்கிற கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறக்கவில்லை.

"எத்தினி வாட்டி ஊரு கேட்டுது. நீ கட்டமாட்டேன்னு சொன்னியேன்னுதான், அத்தே, ஒன்கிட்ட இவ்ளோ நாளு வாய மூடிகினு கெடந்தேன்."

அதற்குப் பிறகு பேசவில்லை.

ஜூலை 24

தெருவில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். துக்க வீட்டில் பேசுகிற மாதிரி. தங்கபுஷ்பம் குழாயடியில் எனக்கு முதலில் தண்ணீர் பிடிக்க விட்டாள். அந்தச் சனியனிடம் எனக்கு இரக்கம் வேண்டாம்.

பஞ்சாயத்து கூடி நாள் குறிக்கப் போகிறதாம். படத்துக்குச் செய்த பொம்மை என்று நான் போய்ச் சொன்னதற்கு, ஊர்த்தலைவர் நாட்டார் வீட்டில் தலையை ஆட்டிவிட்டு, பெற்ற வயிறு அப்படித்தான் ஏதாவது சாக்கு சொல்லும் என்றார்கள். என்ன சொன்னாலும் எனக்காக வருத்தப்படுகிறார்கள். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

பிய்த்துப் போட்டுவிடலாமா என்று கூடையைத் திறந்தேன். உதட்டை இழுத்துக்கொண்டு பார்க்கிறான். மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 2, ஆடிப் பதினெட்டு

ஒவ்வொரு வருஷமும் இன்று முத்தம்மா மஞ்சள் சரடு மாற்றுவாள். நான்தான் எடுத்துக் கொடுப்பேன். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த வருஷங்களில்கூட முதுகைக் காட்டிக்கொண்டு வந்து உட்காருவாள், நான் முடிச்சுப் போடுவேன்.

இன்று சரடு வாங்கி மஞ்சள் தடவித் தட்டில் வைத்துக் காத்திருந்தேன். அவள் குளித்துவிட்டு வந்தபோது கழுத்தில் புதுச் சரடு இருந்தது. தானே மாற்றிக்கொண்டிருக்கிறாள். முடிச்சு சரியாக விழவில்லை, பின்னால் தொங்குகிறது. நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

கோயில் வாசலில் பஞ்சாயத்து. பொம்மையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கூடையில் துணி போட்டு மூடி எடுத்துப் போனேன். பவுனம்மாள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முத்தம்மா தூண் பக்கம், நீலா அவள் பின்னால்.

நாட்டார் கேட்டார். "பூவம்மா, இது ஒம் புள்ளயா?"

எவ்வளவு நாள் உட்கார்ந்து, எவ்வளவு கிழித்து, எந்த இடத்திலிருந்தெல்லாம் பொறுக்கிக் கொண்டு வந்த முகம். அன்று கூழில் உதட்டைப் பிடித்ததிலிருந்து யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவள் நான். கேட்டுவிட்டார்கள். முத்தம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. சோப்பு கம்பெனி பொம்மை. கரி மூட்ட தூக்கறவன்" என்றேன்.

"பொய் சொல்றா. நான் தூக்கி வளத்த புள்ள, எனக்குத் தெரியாதா?" என்றாள் பவுனம்மாள்.

நாட்டார் முத்தம்மாவைக் கூப்பிட்டார். அவள் வந்து பொம்மையைக் கையில் எடுத்தாள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு சிரித்தாள். "இதா எங்க வூட்டுக்காரரு? மூக்கப் பாரு, மொளகா பஜ்ஜி மாதிரி கீது. எங்க அத்தைக்குக் கண்ணு போச்சி, யாரையோ செஞ்சி வச்சிக்கீது."

ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு காரியம் எப்படி நடக்கும்? நாட்டாரும் சிரித்து, கலைந்து போங்கள் என்றார். பவுனம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, இந்தக் குடும்பத்தில் பெண் எடுக்க எனக்குப் பைத்தியமா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த ஊரில் ஒருத்திதான் என் பிள்ளையை அடையாளம் கண்டாள். எல்லோர் முன்னாலும் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன்.

மூக்கு சரியான மூக்கு. நீலா மூக்கைப் பார்த்து வைத்த மூக்கு. மிளகாய் பஜ்ஜி என்று சொன்னதை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் அவள் நிஜமாகவே அப்படி நினைத்தாளா? அதுதான் கேள்வி. பதினைந்து வருஷத்தில் அவளுக்கும் மறந்திருக்குமா? இல்லை, நான்தான் யாரோ ஒருவனைச் செய்துவிட்டு என் பிள்ளை என்று கட்டிக்கொண்டு கிடக்கிறேனா? கேட்க முடியாது. கேட்டால் என்ன பதில் வந்தாலும் கெடுதல்.

ஆகஸ்ட் 6

நீலாவிடம் சொன்னேன், வேறு நல்ல இடம் வரும் என்று. போவட்டும் ஆயா என்றாள். விளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த விளக்கையே துடைத்தாள்.

ஆகஸ்ட் 16

நடக்க வைத்தேன்.

துறைமுக வாசலிலிருந்து மூட்டையோடு வருகிற காட்சி. வேறு யாரையும் தொட விடவில்லை. ஊசியைக் குத்து, இடுப்பைச் சாய், காலை எடு, கையை எடு. அவன் கொஞ்சம் இடது தோளை ஏற்றி நடப்பான், அது எப்போது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை, என் விரல் தானாக ஏற்றிவிட்டது. ஜஹாங்கீர் டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை.

அவனைச் சின்னதில் நடக்கப் பழக்கினதும் இப்படித்தான். ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, மற்றதை விட்டு. அப்போது ஒரு நேரத்தில் கையை எடுத்தால் தானே போனான். இப்போது கையை எடுத்தால் நிற்கிறான். நான் நகர்த்தினால்தான் உண்டு. வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டேன். அதற்கு மேல் அந்தக் காட்சியில் இல்லை.

ஆகஸ்ட் 29

படம் முடிந்தது. முடிந்த பொம்மையைப் பிரித்துக் கம்பியை அடுத்த பொம்மைக்கு எடுப்பதுதான் அங்கே வழக்கம், செப்புக் கம்பி சுலபமாகக் கிடைக்காது. கரிக்காரனை வைத்துக்கொள்ளுங்கள் என்று அய்யாத்துரை சொன்னார். அவருக்குப் பஞ்சாயத்து விஷயம் எட்டியிருக்கிறது. எங்கே வைத்துக்கொள்வது? வீட்டில் வைத்தால் மறுபடி ஆரம்பிக்கும்.

நானே பிரித்தேன். வேட்டியின் தையல், என் தையல், பிரிய மறுத்தது. கம்பியை நீட்டிச் சுருட்டி வைத்தேன். வைக்கோலை என்ன செய்வது என்று தெரியவில்லை. கொளுத்தக் கூடாது. கடலில் போடக் கூடாது. இரண்டும் காரியத்தில் சேர்த்தி. குப்பையில் போட மனசு வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். குதிரைவண்டிக்காரன் கமால் ஜட்காவை நிறுத்திவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான். குதிரை என் கையைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. கொடுத்தேன். தின்றுவிட்டது.

தலை மட்டும் கிடங்கில் இருக்கிறது. அடுத்து ஒரு தீப்பெட்டிக் கம்பெனி விளம்பரமாம், அதில் ரயில்வே கார்டு வருகிறான். மீசை வைத்தால் ஆள் மாறிவிடுவான் என்றார் அய்யாத்துரை. மீசையை நானே வைத்தேன். மாறிவிட்டான்.

நவம்பர் 3

தீபாவளிக்கு ராயபுரம் கொட்டகையில் புதுப் படம். அதற்கு முன்னால் சோப்புப் படம் ஓடுகிறது. கிடங்கில் எல்லோரையும் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. நீலா சிநேகிதியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கரிக்காரன் குளித்துவிட்டு வந்ததும் கொட்டகையில் கை தட்டினார்களாம். நல்லா கீறான் ஆயா, என்றாள். யார் என்று அவளுக்குச் சொல்ல வாயெடுத்தேன். முத்தம்மா அடுப்பண்டை இருந்தாள். வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேய்க்கிற மாதிரி சத்தம்.

சொல்லவில்லை.

நவம்பர் 9

முத்தம்மா இப்போதெல்லாம் சாயங்காலம் வெளியே போகிறாள். மார்க்கெட்டில் தன்னோடு விற்கிறவளுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று நீலாவிடம் சொன்னாளாம். யார் என்று சொல்லவில்லை. நான் கேட்டால் முகத்தைத் திருப்புவாள். சோறு மட்டும் போடுவாள், எடுத்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

நவம்பர் 13

இன்னாசி வழியில் பார்த்தான். கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவன், எங்களிடம் மீன் வாங்குகிறவன். நிறுத்திக் கேட்டான்.

"இன்னா ஆயா, ஒன் மருமவ துட்டு குட்து டிக்கெட் வாங்கினு படம் பாக்காம போவுது?"

தினமும் சாயங்கால ஆட்டத்துக்கு வருகிறாளாம். தரை டிக்கெட். முன்னால், திரைக்குக் கிட்டே போய் உட்காருகிறாளாம். சோப்புப் படம் முடிந்து பெரிய படத்தின் பேர் போடுவதற்குள் எழுந்து வெளியே வந்துவிடுகிறாளாம். இருட்டில் எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு வருகிறாள், திட்டுகிறார்கள், மறுநாளும் வருகிறாள். தலைவலியா என்று இவன் கேட்டதற்கு ஆமாம் என்றாளாம்.

அவளுக்குக் கண்ணு சரியா தெரிலன்னு அவன்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நானே உலை வைத்தேன். அவள் வரும்போது சோறு சூடாக இருந்தது. தட்டைப் போட்டேன். என்னைப் பார்த்தாள். "இன்னா அத்தே அப்டி பாக்கற?" ஜூலைக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் வார்த்தை இதுதான். ஒண்ணுமில்ல, தின்னு, என்றேன். தின்றாள். அவள் குனிந்தபோது பின்கழுத்தில் முடிச்சு இன்னும் தளர்ந்து தொங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு போய் அவிழ்த்து, இறுக்கிப் போட்டேன். அவள் மெல்லுவதை நிறுத்தினாள். முடித்ததும் மறுபடி சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் படம் மாறுகிறது. சோப்புப் படப் பெட்டியும் அன்றே வேலூருக்குப் போய்விடும் என்றான் இன்னாசி. அவளுக்கு அது தெரியுமா தெரியாதா? தெரியாமல் அன்றும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் முன்னால் உட்காருவாள். நான்தான் சொல்ல வேண்டும். சொன்னால், எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.